வழக்கும் மன்னிப்பும்



சில வாரங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்து சென்ற பின்பும், ஒரு தாயார் மட்டும் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். எடமலைப்பட்டி புதூரில் தனியே வாழ்கிற விதவை அவர். பீரோவில் வைத்திருந்த மூன்று பவுன் சங்கிலி காணாமற்போய்விட்டது. கணவர் உயிரோடிருந்தபோது சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்தது. பூட்டு உடைக்கப்படவில்லை. கடைக்குப் போய்வரவும் தண்ணீர்க் கேன் தூக்கிவைக்கவும் வீட்டுக்குள் வந்துபோகிற பக்கத்து வீட்டுப் பையன்மேல் உறவினர்களுக்குச் சந்தேகம். மகன் தொலைபேசியில், "உடனே புகார் கொடுங்கள், அவன் பெயரையும் எழுதுங்கள்" என்கிறார். தங்கையோ, "வேதம் வாசிக்கிற நீ போலீஸ் ஸ்டேஷன் படி ஏறலாமா? மன்னித்து விட்டுவிடு" என்கிறார்.

"ஐயா, புகார் கொடுத்தால் நான் மன்னிக்காதவள் ஆகிவிடுவேனா?" என்று அவர் கேட்டார்.

உடனே என்னால் பதில் சொல்லக் கூடவில்லை. "நாளை வீட்டுக்கு வருகிறேன் அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அன்றிரவு வேதத்தையும், நம் மண்ணின் பழைய வரலாற்றையும் சேர்த்துச் சிந்தித்தேன். அந்தச் சிந்தனையை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். ஏனெனில் இது அந்தத் தாயார் ஒருவருடைய கேள்வி மட்டும் அன்று.

வாய் திறவாத காலம்

நம் முன்னோர் திருட்டுக் கொடுத்தபோது என்ன செய்தார்கள்? பெரும்பாலும் புகார் செய்யவில்லை. நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் தென்மாவட்டங்களில் "துப்புக்கூலி" என்றொரு வழக்கம் இருந்தது. டபிள்யூ. பிரான்சிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1906ஆம் ஆண்டு வெளியான மதுரை மாவட்ட விவரச்சுவடியில் இதை விவரித்திருக்கிறார். உழவனின் மாடு களவு போய்விடும். அவன் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. இடைத்தரகன் ஒருவனைத் தேடிப்போவான். மாட்டின் விலையில் பாதியளவு பேரம் பேசித் தொகை கைமாறும். பின்பு, ஆளரவமற்ற ஓரிடத்தில் மாடு கட்டப்பட்டிருக்கும். உழவன் போய் அவிழ்த்துக்கொண்டு வருவான். யார் திருடியது என்று அவன் கேட்பதில்லை, தரகனும் சொல்வதில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இது சமாதானமான ஏற்பாடுதான். வழக்கில்லை, சிறையில்லை, பகையில்லை. உழவனுக்கு மாடும் கிடைத்துவிட்டது. ஆனால் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். அடுத்த மாதம் அதே கைகள் இன்னொருவன் தொழுவத்தில் நுழைந்தன. பாதி விலை கொடுக்க வகையற்ற ஏழை தன் மாட்டை முழுவதுமாக இழந்தான். பணமுள்ளவனின் மௌனம் ஏழையின் தொழுவத்தைக் காலியாக்கிற்று. அந்த மௌனத்தின் பெயர் மன்னிப்பு அன்று, அச்சம்.

1862ஆம் ஆண்டு முதல் நாளில் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இத்தகைய வழக்கத்தையே குறிவைத்து 215ஆம் பிரிவில் ஒரு குற்றத்தை வகுத்தது. களவுபோன பொருளை மீட்டுத் தருகிறேன் என்று கூலி வாங்குகிறவன், குற்றவாளி பிடிபடத் தன்னாலானதைச் செய்யாவிட்டால், அவனும் தண்டனைக்குரியவன் ஆனான். களவு என்பது இழந்தவனுக்கும் எடுத்தவனுக்கும் இடையே முடிந்துபோகிற கணக்கு அன்று. ஊரார் அனைவரையும் தொடுகிற தீங்கு என்பதே அந்தப் பிரிவின் உட்பொருள்.

வேதம் இதை வெகுகாலத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறது. லேவியராகமம் 5:1ஐ எடுத்து வாசியுங்கள். கண்டதையும் அறிந்ததையும் சொல்ல வேண்டிய வேளையில் சொல்லாமல் இருக்கிறவன் தன் அக்கிரமத்தைத் தானே சுமப்பான் என்பது அந்த வசனத்தின் கருத்து. மௌனமும் சில வேளைகளில் பாவமாகக்கூடும்.

முறையீடு கொலைக்கருவியான கதை

அப்படியானால் மகன் சொன்னபடி உடனே பெயர் எழுதிக் கொடுத்துவிடலாமா? பொறுங்கள். வரலாற்றின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்க்கவேண்டும்.

அக்காலத்து உழவன் காவலர்களை அண்ட அஞ்சியதற்குத் தக்க காரணம் இருந்தது. 1854ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. 1855இல் அது அளித்த அறிக்கையை இன்று வாசித்தாலும் மனம் பதறும். வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் மக்களை வதைத்தார்கள். விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பதற்குக் கிட்டி என்று பெயர். உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். வரி தண்டுகிறவனும் திருடனைப் பிடிக்கிறவனும் ஒரே சேவகனாக இருந்ததே இந்தக் கொடுமைக்கு வேராயிற்று. ஆகவே 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் காவல்துறை தனித்துறையாக அமைக்கப்பட்டது.

பின்னர் இன்னொரு அநீதி எழுந்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்தையும் எட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம், ஒருவன் செய்த செயலைப் பாராமல் அவன் பிறந்த குலத்தைப் பார்த்து அவனைக் குற்றவாளி என்று பதிந்தது. அந்தப் பதிவுக்கு உடன்படாத பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கிற்று, ஆனால் "அந்தத் தெருப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று சொல்லுகிற நாக்கு நம்மிடமிருந்து நீங்கிவிட்டதா? உங்கள் மனசாட்சியைக் கேட்டுப்பாருங்கள்.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2025 ஜூன் மாதத்தில், நம் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நடந்ததை நாம் செய்தித்தாள்களில் படித்தோம். காரில் வைத்திருந்த நகை காணவில்லை என்று ஒரு புகார். அதன்பேரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளியான இளைஞர் காவலர்களின் பிடியில் உயிரிழந்தார். காவலர்கள் கைதுசெய்யப்பட்டனர், விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. நகைக்கு விலை உண்டு. அந்தத் தாய்க்குத் திரும்பிக் கிடைக்காத மகனுக்கு என்ன விலை?

ஆகவே, பிரியமானவர்களே, புகார்த்தாளில் ஒரு மனிதனுடைய பெயரை எழுதுவது சிறிய காரியம் அன்று. கண்டதை எழுதுவது சாட்சி. காணாததை எழுதுவது பொய்ச்சாட்சி. உபாகமம் 19ஆம் அதிகாரம் பொய்ச்சாட்சிக்காரனுக்கு விதிக்கிற தண்டனை எது தெரியுமா? அவன் பிறனுக்குச் செய்ய நினைத்த தீங்கே அவன்மேல் திரும்பும்.

மன்னித்தவரும் மன்னிக்காத சட்டமும்

மௌனத்திலும் ஆபத்து, முறையீட்டிலும் ஆபத்து. அப்படியென்றால் மன்னிப்புக்கு இடம் எங்கே? இதற்கு விடை தேடி நாம் கடல் கடந்து தென்னாப்பிரிக்கா வரை செல்லவேண்டும். அங்கும் நம் தமிழர் ஒருவர் இந்தக் கதையில் இருக்கிறார்.

1908 பிப்ரவரி 10. ஜோகன்னஸ்பர்க் நகரில், அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தம் பெயரைப் பதிவுசெய்ய காந்தியடிகள் நடந்து சென்றுகொண்டிருந்தார். உடன்பாட்டைத் துரோகம் என்று கருதிய மீர் ஆலம் என்பவரும் அவருடைய தோழர்களும் வழிமறித்துத் தாக்கினார்கள். காந்தி நினைவிழந்து விழுந்தார். தமிழர் தலைவர் தம்பி நாயுடு உடனிருந்து அடிகளைத் தடுத்துத் தாமும் காயமுற்றார். ஜோசப் டோக் என்னும் பாப்டிஸ்டு போதகர் காயமுற்ற காந்தியைத் தம் இல்லத்துக்கே எடுத்துச்சென்றார். அந்தக் குடும்பம் இரவும் பகலும் அவருக்குப் பணிவிடை செய்தது. அடுத்த ஆண்டு காந்தியின் முதல் வாழ்க்கை வரலாற்று நூலை எழுதியவரும் அதே போதகர்தாம்.

நினைவு திரும்பியதும் காந்தி, தம்மை அடித்தவர்கள்மேல் வழக்குத் தொடர விரும்பவில்லை என்று அரசு வழக்குத் தலைவருக்குத் தந்தி அனுப்பினார். தாக்கியவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் அந்நகரத்து ஐரோப்பியர் அதை ஏற்கவில்லை. குற்றம் நடந்தது பொதுச்சாலையில். அடிபட்டவருடைய கருத்து எதுவாயினும் இது பொதுக்குற்றம் என்று எழுதினார்கள். மீண்டும் கைது நடந்தது. காந்தி சாட்சியாக அழைக்கப்படவில்லை. மற்றச் சாட்சிகளின் பேரில் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

இங்கே நிதானித்துப் பாருங்கள். காந்தி மன்னித்தார், அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. அரசு தண்டித்தது, சாலையில் நடக்கிற மற்றவர்களைக் காக்கும் கடமை அதற்கு இருந்தது. ஒன்று மற்றொன்றை ரத்துசெய்யவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பதிவுச் சான்றிதழ்களைத் தீயிலிட்ட கூட்டத்தில் மீர் ஆலம் முன்வந்து, தாம் செய்தது தவறு என்று அறிக்கையிட்டார். காந்தி அவருடைய கையைப் பற்றி, தம் உள்ளத்தில் கசப்பு ஏதுமில்லை என்றார். தண்டனை அனுபவித்த மனிதனுக்குத் திரும்பிவர ஒரு கை நீட்டப்பட்டிருந்தது. சட்டத்தால் அந்தக் கையை நீட்ட முடியாது. பாதிக்கப்பட்டவரால் மட்டுமே முடியும்.

நம் நாட்டில் இதைவிடக் கொடிய சோதனையில் நின்ற ஒரு சகோதரியை நீங்கள் அறிவீர்கள். 1999 ஜனவரி 22ஆம் தேதி நள்ளிரவில், ஒடிசாவின் மனோகர்ப்பூர் கிராமத்தில், தொழுநோயாளிகளிடையே ஊழியம் செய்த கிரகாம் ஸ்டெயின்ஸ் அவர்களும், பத்து வயதும் ஆறு வயதுமான பிலிப், திமொத்தேயு என்னும் இரு மகன்களும் ஜீப்பில் உறங்கிக்கொண்டிருக்கையில் எரிக்கப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மையார், கொலைசெய்தவர்களை மன்னித்துவிட்டதாகவும் தமக்குக் கசப்பில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அதே வேளையில், சட்டம் தன் வழியே செல்வதை அவர் தடுக்கவுமில்லை, விரைவுபடுத்தக் கூச்சலிடவுமில்லை. 2003இல் விசாரணை நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. அத்தனை ஆண்டுகளிலும் அவருடைய மன்னிப்பு எந்தத் தீர்ப்பையும் சார்ந்து நிற்கவில்லை. தண்டனை கூடினால் மகிழவும் குறைந்தால் கொதிக்கவும் அவர் தம் இருதயத்தை நீதிமன்ற வாசலில் கட்டிவைக்கவில்லை.

இதுவே இந்தக் கட்டுரையில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற ஒரே செய்தி. மன்னிப்பு உங்களுடையது, அதை இன்றே கொடுக்கலாம், குற்றவாளி யாரென்று தெரியாதபோதும் கொடுக்கலாம். தண்டனை உங்களுடையது அன்று. அதை உங்கள் கையில் எடுக்கவும் கூடாது, உங்கள் மனதில் வளர்க்கவும் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே உங்கள்மேல் விழுந்த கடன் ஒன்றுண்டு. அது உண்மையைச் சொல்வது.

பவுல் காட்டிய வழி

அப்போஸ்தலனாகிய பவுலை எண்ணிப்பாருங்கள். பிலிப்பியில் விசாரணையின்றி அடிக்கப்பட்டபோது, அதிகாரிகளே வந்து தங்களை வெளியே அழைத்துவிடவேண்டும் என்று கேட்டார். அவர்கள் செய்தது தவறு என்பதை அவர்களே உணரச்செய்தார். ஆயினும் அவர்கள்மேல் வழக்குத் தொடுத்ததாக வேதத்தில் இல்லை. எருசலேமில் வாரினால் கட்டப்பட்டபோது தம் குடியுரிமையைச் சொல்லித் தப்பினார். செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார். ஆனால் ரோமாபுரி சேர்ந்தபின் அவர் யூதர்களிடம் சொன்னதை அப்போஸ்தலர் 28:19இல் காண்கிறோம்: தம் சொந்த ஜனத்தின்மேல் குற்றஞ்சாட்டும் நோக்கம் தமக்கு இல்லை என்றார். சட்டத்தைக் கேடகமாகப் பிடித்தார், வாளாக வீசவில்லை.

சட்டத்தை அப்படிப் பிடிக்கவேண்டுமானால் அதை அறிந்திருக்கவேண்டும். நம் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை ஒரு கிறிஸ்தவர். இந்நகரத்து நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, பின்பு தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக அமர்ந்தவர். மக்கள் தங்களுக்குப் புரியாத மொழியில் நீதியைப் பெறலாகாது என்று கருதி, உயர்ந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தார். அந்த வழிநின்று, நீங்கள் அறிந்திருக்கவேண்டிய சிலவற்றை எளிய தமிழில் எழுதுகிறேன்.

களவு போன்ற குற்றத்தில் நீங்கள் தகவல் தருகிறவர். வழக்கை நடத்துவது அரசு. கைதுசெய்து விசாரிக்கத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின்படி எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. நிலையத்தில் பதிவுசெய்ய மறுத்தால் உயர் அதிகாரிக்கு எழுதி அனுப்பலாம். அதன்பின் நீதித்துறை நடுவரை நாடலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லாத பெண்களுக்கும் ஏழைகளுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி செய்கிறது. அதன் தொலைபேசி எண் 15100. சாதாரணக் களவு வழக்கில், பொருளின் உரிமையாளர் சமரசம் செய்துகொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது. மனந்திரும்புகிறவனுக்குக் கதவு முற்றிலும் அடைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிடிபட்டவனுக்கும் உரிமைகள் உண்டு. எந்த நேரத்தில் கைதுசெய்யப்பட்டான் என்பது எழுதப்படவேண்டும். அவன் குடும்பத்தாருக்குச் சொல்லப்படவேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. நீங்கள் கொடுத்த புகாரில் ஒருவன் அழைத்துச்செல்லப்பட்டால், "என் நகை கிடைத்தால் போதும், எப்படியாவது வாங்கிக் கொடுங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த "எப்படியாவது" என்னும் சொல்லுக்குள்தான் கிட்டி இன்றும் ஒளிந்திருக்கிறது.

அந்தத் தாயாருக்குச் சொன்னது

மறுநாள் மாலை அந்தத் தாயார் வீட்டுக்குச் சென்றேன். நாங்கள் ஜெபித்தோம். பின்பு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவரையே எழுதச் சொன்னேன். சங்கிலியின் எடை, கடைசியாக அதைப் பார்த்த நாள், காணாமற்போனதை அறிந்த நாள், பீரோச் சாவி இருக்கும் இடம். இவ்வளவே.

"அந்தப் பையன் பெயர் ஐயா?" என்றார்.

"அவன் எடுத்ததை நீங்கள் கண்டீர்களா அம்மா?"

"இல்லை."

"அப்படியானால் அவனை மட்டும் பிரித்து எழுதவேண்டாம். வீட்டுக்குள் யார் யார் வந்துபோவார்கள் என்று அவர்கள் கேட்டால் எல்லோரையும் சொல்லுங்கள். அவனையும் சொல்லுங்கள், உங்கள் உறவினர்களையும் சொல்லுங்கள், என்னையும் சொல்லுங்கள். நானும் சென்ற மாதம் வந்திருந்தேனே."

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார், பின்பு எழுதினார். மறுநாள் சபையின் மூப்பர் ஒருவர் துணையோடு சென்று புகாரைக் கொடுத்து வந்தார்.

இதை எழுதும் நாள்வரை சங்கிலி கிடைக்கவில்லை. கிடைக்காமலே போகலாம். அந்தப் பையன் இன்றும் அவருக்குத் தண்ணீர்க் கேன் தூக்கிவைக்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஏதோ ஒன்று எழுவதாகவும், அதை ஒவ்வொரு நாளும் ஆண்டவரிடத்தில் இறக்கி வைப்பதாகவும் அவர் என்னிடம் சொன்னார். மன்னிப்பு ஒருநாள் வேலை அன்று என்பதை அவரிடமிருந்தே நான் கற்றுக்கொண்டேன்.

உங்களில் யாரேனும் இன்று திருட்டுக் கொடுத்தவராக, ஏமாற்றப்பட்டவராக, அடிக்கப்பட்டவராக இருக்கக்கூடும். முறையிடுவதற்கு வெட்கப்படாதீர்கள். குறிப்பாக, வீட்டுக்குள்ளே அடிபட்டு, "குடும்ப மானம்" என்று வாயடைக்கப்பட்டிருக்கிற சகோதரிகளுக்குச் சொல்கிறேன்: உங்கள் மௌனத்தை மன்னிப்பு என்று பெயரிட யாருக்கும் உரிமையில்லை, உங்கள் போதகருக்கும் இல்லை. முறையிடச் செல்லும்போது மூன்று கேள்விகளை மட்டும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். நான் எழுதுவது நான் கண்டதா? இதனால் என் அயலான் காக்கப்படுவானா? குற்றவாளி நாளை மனந்திரும்பி வந்தால் அவனுக்குக் கை நீட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேனா?

மூன்றுக்கும் ஆம் என்று சொல்லக்கூடுமானால், சமாதானத்தோடே போங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, நாங்கள் இழந்தவற்றை நீர் அறிந்திருக்கிறீர். பயத்தினால் மௌனமாயிராதபடிக்கும், கோபத்தினால் பொய் பேசாதபடிக்கும் எங்கள் நாவைக் காத்தருளும். எங்களுக்குத் தீங்கு செய்தவர்களையும், தீங்கு செய்யாமலே சந்தேகிக்கப்பட்டவர்களையும் உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.